பெயர் கேட்காத இடத்தில் பெயர் கேட்கிறார்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்கிறவர் முதல் நாளே என்னென்ன கொடுக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஆதார் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஊரில் இருக்கும் யாராவது ஒருவரின் போன் நம்பர். பிறகு கேட்டில் தினமும் கைரேகை. இந்த ஜெராக்ஸ் எல்லாம் காண்ட்ராக்டரின் மேசை டிராயரில் எத்தனை வருடம் கிடக்கும், யார் யார் வாட்ஸ்அப்புக்குப் போய்ச் சேரும் என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அதே ஆள் ராத்திரி ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து, போனைத் திறந்து, தமிழ் விக்கிப்பீடியாவில் தன் ஊரைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி சேர்க்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவரிடம் என்ன கேட்பார்கள்? ஒன்றும் கேட்க மாட்டார்கள். கணக்கே இல்லாமல் எழுதலாம். கணக்கு வேண்டுமென்றால் ஒரு புனைபெயரும் கடவுச்சொல்லும் போதும். போன் நம்பர் வேண்டாம், பிறந்த தேதி வேண்டாம், ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டாம். மின்னஞ்சல்கூட இஷ்டப்பட்டால்தான். இணையத்தில் பெரிதாக வளர்ந்த தளங்களில் இப்படி ஒன்று இருப்பதே அதிசயம். ஒரு டார்ச் லைட் ஆப் கூட போனில் உள்ள மொத்த நம்பர்களையும் படிக்க அனுமதி கேட்கிற காலம் இது!

இந்த அதிசயம்தான் நம் நாட்டில் சிலருடைய கண்ணை உறுத்துகிறது.

2024 ஜூலையில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் டில்லி உயர் நீதிமன்றத்தில் விக்கிமீடியா அறக்கட்டளை மேல் அவதூறு வழக்குப் போட்டது. 2 கோடி ரூபாய் நஷ்ட ஈடு. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏஎன்ஐ பற்றிய கட்டுரையில், அரசாங்கத்துக்குப் பிரச்சாரக் கருவியாக இருப்பதாக அதன் மேல் குற்றச்சாட்டு உண்டு என்ற பொருளில் சில வரிகள் இருந்தன. அவை யாரோ தூக்கத்தில் எழுதியவை அல்ல. கேரவன் போன்ற இதழ்களில் ஏற்கெனவே அச்சில் வந்தவற்றை ஆதாரம் காட்டி எழுதப்பட்டவை. ஆகஸ்ட் 20 அன்று நீதிமன்றம் சொன்னது: அந்தக் கட்டுரையைத் திருத்திய 3 பேரின் விவரங்களை இரண்டு வாரத்தில் கொடுங்கள். கொடுக்கவில்லை என்றதும் செப்டம்பரில் நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸ். இந்தியா பிடிக்கவில்லை என்றால் இங்கே வேலை செய்யாதீர்கள், தளத்தை முடக்கும்படி அரசிடம் சொல்வோம் என்கிற அளவுக்கு நீதிபதியின் கோபம் போனது.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. எழுதியது அவதூறா இல்லையா என்று யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆதாரமாகக் காட்டப்பட்ட இதழ்ச் செய்திகள் பொய் என்று நிரூபிக்கப்படவில்லை. அதற்குள் ஆளைக் கொண்டு வா என்றார்கள். ஒருவர் வீட்டில் திருடினாரா என்று விசாரிப்பதற்கு முன்பே தெருவில் அவருடைய போட்டோவை ஒட்டுவது போல.

கடைசியில் 2024 நவம்பரில் இரு தரப்பும் ஒரு சமரசத்துக்கு வந்தன. அந்த 3 பேருக்கும் விக்கிமீடியாவே சம்மன் அனுப்பும், அவர்கள் யார் என்ற விவரம் மூடிய உறையில் நீதிமன்றத்துக்கு மட்டும் போகும் என்று ஏற்பாடு. வழக்கைப் பற்றியே விக்கிப்பீடியாவில் இருந்த தனிக் கட்டுரை அக்டோபர் 21 முதல் உலகம் முழுக்க மறைக்கப்பட்டது. 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நீக்க உத்தரவை ரத்து செய்தது. அது நல்ல தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் தீர்ப்பு காப்பாற்றியது கட்டுரையைத்தான். மூடிய உறைக்குள் போன பெயர்கள் மறுபடி வெளியே எடுக்கப்பட்டு எழுதியவர்களிடம் திருப்பித் தரப்படுகிற பொருள் அல்ல.

"பெயர் சொல்லி எழுத என்ன பயம்? தப்பு செய்யாதவன் ஏன் ஒளிய வேண்டும்?" என்று கேட்பவர்கள் நிறைய. படித்தவர்களே கேட்கிறார்கள். அவர்கள் எல்லாம் ஒரு தடவை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரை வந்து பார்க்கலாம்.

இந்தப் பக்கம் இரும்பு உருக்கும் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. புகையைப் பற்றிப் பேசுகிற முக்கால்வாசிப் பேர் அந்தப் புகையில்தான் சம்பளம் வாங்குகிறார்கள். பீகார், ஒடிசாவில் இருந்து வந்து பத்துப் பேராக ஓர் அறையில் தங்கும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறு போடுபவரும் அறை கொடுப்பவரும் வேலை கொடுப்பவரும் பல நேரம் ஒரே ஆள். நிலம் கொடுத்துவிட்டு மகனுக்கு வேலை கேட்டு அலைகிற குடும்பங்கள் இருக்கின்றன. தேர்வாய்க் கண்டிகையில் மேய்ச்சல் நிலத்தைச் சிப்காட்டுக்கு எடுத்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போராடினார்கள். அந்த வரலாற்றை எழுத ஆசைப்படுகிறவர் தன் சொந்தப் பெயரில் எழுதினால் நாளைக்கு அவருடைய தம்பிக்கு அங்கே கேட் பாஸ் கிடைக்குமா?

இன்னொரு இடமும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி முகாம். 2021இல் அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. பெயர் மாறினாலும் பதிவேடு மாறவில்லை. குறிப்பிட்ட நாளில் ஆஜராகி ஆள் இருப்பதைக் காட்டினால்தான் உதவித்தொகை. க்யூ பிராஞ்ச் போலீஸ் கண்காணிப்பு வேறு. அங்கேயே பிறந்து, பிளஸ் டூ முடித்து, கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் ஈழத்து ஊர் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தால், அவள் யார் என்று யாரும் கேட்காத ஒரே இடம் அந்தத் தளம்தான். தமிழ் விக்கிப்பீடியாவை 2003இல் தொடங்கி வளர்த்த இ. மயூரநாதனும் யாழ்ப்பாணத்துக்காரர்தான், அமீரகத்தில் வேலை பார்த்தபடி செய்தார். இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளுக்கு மேல் இருக்கின்றன. அடையாள அட்டை கேட்டிருந்தால் இதில் எத்தனை எழுதப்பட்டிருக்கும்?

பெயர் தெரிந்தால் உண்மை தெரிந்துவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. அந்தத் தளத்தில் ஒரு வரி நிற்பதும் விழுவதும் அதன் அடியில் காட்டப்பட்ட ஆதாரத்தைப் பொறுத்தது. மாவட்ட ஆட்சியரே வந்து ஆதாரமில்லாமல் எழுதினாலும் நீக்கலாம். டீக்கடை மாஸ்டர் அரசிதழைக் காட்டி எழுதினால் நிற்க வேண்டும். (நடைமுறையில் சில நிர்வாகிகள் முகம் பார்த்து நடப்பதும் உண்டு, அது வேறு சண்டை.) அவதூறு என்றால் அந்த வரியை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம், ஆதாரமான செய்தி பொய் என்று காட்டலாம், நீக்கச் சொல்லலாம். அதற்கு எழுதியவரின் வீட்டு விலாசம் எதற்கு? வரி பொய் என்று முதலில் தீர்ப்பாகட்டும். கொலை மிரட்டல், குழந்தைகள் சம்பந்தப்பட்ட குற்றம் என்று வந்தால் யாரும் மறைக்கச் சொல்லவில்லை. ஒரு கம்பெனியின் மனம் புண்பட்டதும் அதுவும் ஒன்றல்ல.

சரி, இவ்வளவு பேசியதால் விக்கிமீடியாவுக்குக் கொடி பிடிப்பதாக நினைக்க வேண்டாம். அவர்கள் வீட்டு அழுக்கையும் கொஞ்சம் துவைக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் கேட்காமலே எடுத்துக்கொண்ட ஒன்று உண்டு. கணக்கில்லாமல் எழுதியவரின் ஐபி எண். எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை, கட்டுரையின் வரலாறு பக்கத்தில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அதை எல்லாரும் பார்க்கும்படி எழுதியும் வைத்தார்கள். அதுவும் என்றைக்குமாக. கணக்கு வைத்திருப்பவரின் ஐபி எண் 90 நாள் வரை மட்டும் சேமிக்கப்படும், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சிலர் மட்டும் பார்க்கலாம். கணக்கில்லாத பாவப்பட்டவரின் எண்ணோ ஊர் முழுக்கப் போஸ்டர். பழகியவனுக்குத் திரை, புதிதாக வந்தவனுக்குத் திறந்த வெளி! எது தெரியாதவனுக்குத்தான் பாதுகாப்பு அதிகம் வேண்டும் என்ற சாதாரண அறிவுகூட இல்லாமல் இருபது வருடத்துக்கு மேல் இந்த ஏற்பாடு நடந்தது.

எச்சரிக்கை போட்டோமே என்பார்கள். போட்டார்கள்தான், எழுதும் பெட்டிக்கு மேலே "உங்கள் ஐபி முகவரி பதிவாகும்" என்ற பொருளில். ஐபி முகவரி என்றால் என்னவென்று தெரிந்தவர் கணக்குத் தொடங்கிவிடுவார். தெரியாதவருக்கு அந்த எச்சரிக்கையால் என்ன லாபம்? மருந்துச் சீட்டை லத்தீனில் எழுதிக் கொடுத்துவிட்டு, சொன்னோமே என்பது போல் இருக்கிறது.

அந்த எண்ணில் என்ன தெரிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக: வீட்டு பிராட்பேண்ட் என்றால் எந்த நிறுவனத்தின் இணைப்பு, ஏறக்குறைய எந்தப் பகுதி என்று தெரியும். கம்பெனி லீஸ்டு லைன் என்றால் நிலையான எண். சில சமயம் அந்த எண் வரிசை கம்பெனி பெயரிலேயே பதிவாகியிருக்கும், யாரும் தேடிப் பார்க்கலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்து தன் கம்பெனியின் கழிவுநீரைப் பற்றி ஒரு வரி சேர்த்தவரை, நேரத்தையும் எண்ணையும் வைத்து ஐடி ஆள் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். மொபைலில் ஆயிரம் பேர் ஒரே எண்ணைப் பகிர்கிறோம், கவலையில்லை என்பது பழைய கதை. ஜியோ போன்ற இணைப்புகளில் புது வகை எண், அதாவது ஐபிவி6, ஒவ்வொரு போனுக்கும் தனி வரிசையாகக் கிடைக்கிறது. எந்த எண் எந்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்ற பதிவை 2 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதியையே மாற்றியிருக்கிறது. எண்ணும் நேரமும் கையில் இருந்தால் மிச்சத்துக்கு ஒரு கடிதம் போதும்.

ஐபி எண்ணை வெளியே காட்டியதால் நன்மையும் நடந்ததே என்று ஒரு வாதம் உண்டு. 2007 ஆகஸ்டில் வர்ஜில் கிரிஃபித் என்ற அமெரிக்க மாணவர் விக்கிஸ்கேனர் என்று ஒன்றைச் செய்தார். 3 கோடிக்கு மேற்பட்ட திருத்தங்களை ஐபி எண்ணோடு பொருத்தி, எந்த நிறுவனத்தில் இருந்து யார் எதை அழித்தார்கள் என்று தேடிப் பார்க்க விட்டார். வாக்கு எந்திரம் செய்யும் டீபோல்ட் நிறுவனத்தின் கணினியில் இருந்து அந்த எந்திரங்களைப் பற்றிய விமர்சனப் பத்திகள் வெட்டப்பட்டது அப்படித்தான் சந்திக்கு வந்தது. சிஐஏ, வாட்டிகன் எல்லாம் பட்டியலில் வந்தன. அன்றைக்கு இணையமே கைதட்டியது, தட்ட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது? பெரிய நிறுவனங்கள் பாடம் படித்தன. ஆபீஸ் கணினியில் இருந்து எழுதுவதை விட்டுவிட்டுக் காசு கொடுத்து ஆள் வைத்தன. கூலிக்கு எழுதுபவர் கணக்குத் தொடங்கி எழுதினால் அவர் ஐபி யாருக்கும் தெரியாது. 2015இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் காசு வாங்கி எழுதிய 381 கணக்குகளை ஒரே மூச்சில் தடை செய்தார்கள். அவர்களைப் பிடித்தது ஊருக்குக் காட்டிய ஐபி எண் அல்ல, 90 நாள் ரகசியமாக வைத்திருந்து சிலர் மட்டும் சோதித்துப் பார்த்த பதிவு. ஆக, பெரிய மீனைப் பிடிக்கத் திறந்த பட்டியல் தேவையே இல்லை. திறந்த பட்டியலில் மாட்டுவது கணக்குத் தொடங்கத் தெரியாத சின்ன மீன்தான். இந்த ஒரு கணக்கை அறக்கட்டளை 2007லேயே போட்டிருக்கலாம்.

போட்டது எப்போது தெரியுமா? 2024 இறுதியில்தான் முதல் சில விக்கிகளில் தற்காலிகக் கணக்கு என்ற முறை வந்தது, 2025இல் மற்றவற்றுக்கும் பரவியது. கணக்கில்லாமல் எழுதினால் இப்போது ஐபிக்குப் பதில் வருடமும் சில எண்களும் சேர்ந்த ஒரு பெயர் தெரியும், 90 நாளில் காலாவதி. உள்ளே இருக்கும் ஐபியை நிர்வாகிகளும் குறைந்தபட்சம் 6 மாதப் பழக்கமும் 300 திருத்தமும் உள்ள சிலரும் பார்க்கலாம். பரவாயில்லை, வந்த வரைக்கும் நல்லது.

ஆனாலும் "நம்பகமான தன்னார்வலர்" என்ற சொல்லை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. 2021 செப்டம்பரில் சீன மொழி விக்கிப்பீடியாவில் 7 பேரை அறக்கட்டளையே தடை செய்தது, 12 பேரின் நிர்வாக அதிகாரத்தைப் பறித்தது. அங்கே எழுதுபவர்களின் அடையாளம் வெளியே போய் அவர்களுக்கு ஆபத்து வரலாம் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். பெலாரஸில் 2022 மார்ச்சில், ரஷ்ய மொழி விக்கிப்பீடியாவில் உக்ரைன் போரைப் பற்றித் திருத்திய ஒருவரின் சொந்த விவரங்களை டெலிகிராம் சேனலில் போட்டார்கள், உடனே கைதும் நடந்தது. பிரான்சில் 2025 பிப்ரவரியில், தங்கள் இதழைப் பற்றிய கட்டுரை பிடிக்காமல் லே புவான் வார இதழின் நிருபர் ஒருவர், திருத்தியவரின் நிஜப் பெயரையும் வேலையையும் எழுதுவேன் என்று அவருக்கே செய்தி அனுப்பினார். சர்வாதிகார நாடு, ஜனநாயக நாடு என்ற பேதமெல்லாம் இதில் இல்லை. விவரம் ஒரு இடத்தில் இருந்தால் அதைத் தேடி ஒருவர் வருவார்.

நம் ஊரிலேயே பாருங்கள். 2021 ஜூனில் தமிழ்நாடு பொது விநியோகத் திட்டத்தின் ஏறக்குறைய 50 லட்சம் பேரின் விவரங்கள் ஹேக்கர்கள் கூடும் இடத்தில் கிடப்பதாக டெக்னிசாங்ட் என்ற பெங்களூரு நிறுவனம் சொன்னது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். இதற்கெல்லாம் எத்தனை அதிகாரி நீதிமன்றத்தில் நின்றார்? எந்தத் தளத்தை முடக்குவோம் என்று எந்த நீதிபதி சத்தம் போட்டார்? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 2027 மே வரை அவகாசம். அரசு அமைப்புகளுக்கு அதில் விலக்குக் கொடுக்க தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். அதே சட்டத்தை வைத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பல்லையும் பிடுங்கியாகிவிட்டது, "தனிப்பட்ட தகவல்" என்று சொல்லிப் பதில் மறுக்க இனி அதிகாரிக்குச் சுலபம். அந்தத் திருத்தத்துக்கு மட்டும் அவகாசம் எதுவும் தரவில்லை, விதிகள் வந்தபோதே அமலுக்கு வந்துவிட்டது! கேட்டில் வாங்கிய கைரேகையும் டிராயரில் கிடக்கும் ஜெராக்ஸும் 2027 வரை காத்திருக்கலாம், அதிகாரியின் விவரத்துக்குத்தான் அவசரப் பாதுகாப்பு. எல்லாவற்றையும் வாங்கி வைத்துத் தொலைப்பவரைக் கேள்வி கேட்க ஆளில்லை, ஒன்றும் வாங்காதவரிடம் போய் "கொண்டு வா" என்கிறார்கள்.

அந்த 3 பேர் விஷயத்துக்கே வருவோம். அவர்களைப் பற்றி அறக்கட்டளையின் கையில் அதிகபட்சம் என்ன இருக்க முடியும்? கொடுத்திருந்தால் ஒரு மின்னஞ்சல், 90 நாளுக்குள் எழுதியிருந்தால் ஒரு ஐபி. போன் நம்பரும் ஆதாரும் வாங்கும் தளமாக அது இருந்திருந்தால் மூடிய உறை எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். நீதிமன்றத்தில் எவ்வளவு நன்றாக வாதாடினார்கள் என்பதைவிட, கொடுப்பதற்கு எவ்வளவு குறைவாக வைத்திருந்தார்கள் என்பதுதான் அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய விஷயம். அதனால் பயனர் எல்லாரும் போன் நம்பரைச் சரிபார்க்க வேண்டும் என்று கிளம்புகிற யோசனைகளை, அவை டில்லியில் இருந்து வந்தாலும் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து வந்தாலும், வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

அறக்கட்டளைக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தற்காலிகக் கணக்கு முறை புதிதாக எழுதுபவர்களுக்குத்தான். அதற்கு முன்பு எழுதியவர்களின் எண்கள் அப்படியே விடப்பட்டுள்ளன. உரிமப்படி எழுதியவரைக் குறிப்பிட வேண்டும் என்பார்கள். குறிப்பிட ஒரு புனைபெயர் போதும், புது முறையில் அதைத்தானே செய்கிறார்கள்? தரவு முழுவதையும் ஏற்கெனவே பல பேர் நகலெடுத்துவிட்டார்கள், இனி மறைத்து என்ன பயன் என்பார்கள். நகல் எங்கோ ஒரு வட்டில் கிடப்பதும், தேடினால் முதலில் வரும் தளத்தில் ஒரு கிளிக்கில் தெரிவதும் ஒன்றா? செய்ய முடியாத வேலை அல்ல, செய்யச் சொல்லிக் கேட்க ஆளில்லாத வேலை. ஐபியாக எழுதியவருக்குக் கணக்கும் கிடையாது, ஓட்டும் கிடையாது, அவருக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

தமிழ் விக்கிப்பீடியாவில் பழைய ஊர்க் கட்டுரை எதையாவது திறந்து, வரலாறு பக்கத்தில் கீழே இறங்கிக்கொண்டே போங்கள். நடு நடுவே பெயருக்குப் பதில் புள்ளி வைத்த எண்கள் வரும், பக்கத்தில் தேதி, மணி, நிமிடம் வரைக்கும் இருக்கும். அவர்களில் பலர் ஓர் எழுத்துப் பிழையைத்தான் திருத்தியிருப்பார்கள்.